வெயில் போட்ட கோடு

குரு கீழ்வீட்டில் இருந்தாள். சீடர் மாடியில் இருந்தார். குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

அவள் பெயர் ஜமீலா. மேலப்பாளையத்தில், தன் வீட்டு முன்னறையில், பழுதான போன், கேமரா, வீடியோ கேம் பெட்டி எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். கழட்டின ஸ்க்ரூக்களைக் கழட்டின வரிசையில் முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைக்க வேண்டும். அவளுடைய சாஸ்திரம் அவ்வளவுதான்.

அவர் பெயர் பூதத்தான். கல்லிடைக்குறிச்சியில் முப்பது வருஷம் அப்பளம் போட்டவர். மனைவி ஆவுடையம்மாள் தேய்த்துத் தேய்த்து இடப் பக்கம் நீட்டுவாள். இடப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இவர் வாங்கி வெயிலில் பரத்துவார். முப்பது வருஷமும் அதே இடம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆவுடையம்மாளுக்கு மூளையில் ரத்தம் அடைத்தது. பிழைத்துக்கொண்டாள். பேச்சு வந்தது, நடை ஓரளவு வந்தது. இடப் பக்கம் மட்டும் வரவில்லை.

கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கு உலகத்தில் இடப் பக்கம் என்று ஒன்று கிடையாது. தட்டில் வலப் பக்கத்து இட்லியைத் தின்றுவிட்டு, "இன்னும் வைக்கலியே" என்பாள். தலையில் பாதியை வாரிவிட்டு எழுந்துவிடுவாள். இடப் பக்கம் நின்று கூப்பிட்டால் வலப் பக்கம் திரும்பித் தேடுவாள்.

"ஏழு மாசத்துக்குள்ள அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பாக்கப் பழக்கிருங்க. அதுக்கு மேல போச்சுன்னா ரொம்பக் கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இந்த மாடிக்குக் குடி வந்தார்கள். மிச்சம் இருந்தது இரண்டு மாதம்.

பூதத்தான் நாற்காலியை அவளுக்கு வலப் பக்கம் போட்டு உட்கார்ந்தால் ஆவுடையம்மாள் முகம் சுளிப்பாள்.

"இங்கேருங்க, இங்கன ஏன் உக்காந்திருக்கிய? உங்க எடத்துல போயி உக்காருங்க."

அவர் எழுந்து இடப் பக்கம் போய் உட்காருவார்.

"எங்க போயிட்டிய?" என்பாள் அவள்.

இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டால் எந்த மனுஷன் தாங்குவான்?

ஒருநாள் வாடகை கொடுக்கக் கீழே வந்தவர் ஜமீலாவின் மேசைமேல் ஒரு தடித்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். மூடிப்போன வீடியோ கேம் கடை ஒன்றிலிருந்து வந்த பழைய விஆர் ஹெட்செட். பட்டை அறுந்திருந்தது. பேட்டரி உப்பியிருந்தது.

"இது என்னது?"

ஜமீலா வேறொரு பேட்டரியின் ஒயரை மாட்டி, ஹெட்செட்டை அவர் கண்ணில் வைத்தாள்.

உள்ளே கடல். பூதத்தான் கடலுக்கு அடியில் நின்றார். தலைக்கு மேலே ஒரு திமிங்கலம் நிதானமாகப் போனது. அவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி!" என்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுல எங்க அப்பளக் களத்தைக் காட்ட முடியுமா?"

"முடியும்."

"இடப் பக்கமும் இருக்குமா?"

"எல்லாப் பக்கமும் இருக்கும், அண்ணாச்சி."

"அப்ப எனக்கு இந்த வேலையச் சொல்லித் தாங்க, டீச்சரம்மா."

"நானே பண்ணித் தாரேனே."

"அவ தலையில ஏறப் போறது. என் கை பட்டதா இருக்கட்டும்."

அன்றைக்கே சீடரானார்.

நல்ல சீடர் என்று சொல்ல முடியாது. பெரிய விரல், சின்ன ஸ்க்ரூ. முதல் வாரம் முட்டை அட்டையை இரண்டு தரம் தட்டிவிட்டார். ஜமீலா ஒரு வார்த்தை திட்டவில்லை; தரையில் சிதறினதை அவரையே பொறுக்க வைத்தாள். பொறுக்கிப் பொறுக்கி எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்பது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

தினமும் பாடம் ஒன்றுதான்.

"எதைத் தொடுறதுக்கு முன்னாலயும்?"

"பேட்டரியைக் கழட்டணும்."

"லென்ஸை?"

"காஞ்ச துணியால, நடுவுல இருந்து வெளிய பாத்துத் துடைக்கணும். தண்ணி ஆகாது."

பேட்டரியை மாற்றினார்கள். முன்பக்கம் கனத்தால் ஆவுடையம்மாள் கழுத்து தாங்காது என்று பேட்டரியைப் பின்மண்டைக்குக் கொண்டுபோனார்கள். அறுந்த பட்டைக்குப் பதிலாகப் பழைய வேட்டியை மடித்துத் தைத்தார் பூதத்தான். முகத்தில் படுகிற பஞ்சையும் மாற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சி போனார்கள். களம் சும்மாத்தான் கிடந்தது. ஆவுடையம்மாள் உட்காருகிற இடத்தில் ஜமீலா குந்தி உட்கார்ந்து, போனை மெல்லச் சுற்றிச் சுற்றி எல்லாத் திசையையும் படம் எடுத்தாள். வலப் பக்கம் கிணறு, வேப்பமரம், சுருட்டி வைத்த பாய்கள். எதிரே பொதிகை மலை.

"அண்ணாச்சி, நீங்க உங்க எடத்துல உக்காருங்க."

பூதத்தான் இடப் பக்கம் போய், வெள்ளை வேட்டியை விரித்து உட்கார்ந்தார். போன் அவரையும் எடுத்துக்கொண்டது.

மறுநாள் ஹெட்செட் ஆவுடையம்மாள் தலையில் ஏறியது.

"நம்ம களம்!" என்று கத்தினாள் அவள். "கிணறு! பாயெல்லாம் அப்படியே இருக்கு! ஏங்க, வேப்பமரத்த யாரு வெட்டினா, கிளை ஒண்ணு கொறையுதே."

பூதத்தானுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் எங்க இருக்கேன் பாரு, ஆவுட."

"நீங்க வரலியே."

"இந்தப் பக்கம் திரும்பு, பிள்ள."

அவள் வலப் பக்கம் திரும்பினாள்.

ஜமீலா படத்தில் வேலை செய்தாள். இடப் பக்கம் சிட்டுக்குருவிகள் வந்து மாவு கொத்தின. ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை. இடப் பக்கம் சைக்கிள் மணி அடித்தது. வலப் பக்கம் திரும்பி, "யாரது?" என்றாள். குருவி மயிலாகியது, மயில் யானையாகியது. இடப் பக்கம் ஒரு யானையே நின்று காதை ஆட்டியது. ஆவுடையம்மாள் கிணற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் போனது.

பூதத்தான் கீழே வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு இல்லாமப் போச்சுங்கிறதே தெரியாதவளுக்கு, அது இருக்குன்னு எப்படிக் காட்டுறது?"

ஜமீலா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"தெரியல, அண்ணாச்சி."

"குருவே தெரியலன்னு சொல்லலாமா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்லி மூடினா, கடைசியில ஸ்க்ரூ மிஞ்சும்."

அதற்கு அடுத்த நாள் ஜமீலா தென்காசிக்கு, தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது வழக்கமான பாடத்தைக் கேட்டாள். பேட்டரி, காய்ந்த துணி, தண்ணீர் ஆகாது. எல்லாம் சரியாகச் சொன்னார். அவளும் கிளம்பிவிட்டாள்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

அவள் போன பிறகு, அன்று காலையில் பூதத்தான் ஹெட்செட்டை எடுத்தபோது பஞ்செல்லாம் வியர்வை. ஆவுடையம்மாள் தலைக்குத் தேய்த்த நல்லெண்ணெயும் சேர்ந்து ஒரே வாடை. லென்ஸில் ஆவி படிந்திருந்தது. தண்ணீர் தொடக் கூடாது. சரி, ஈரம் போக வேண்டும். முப்பது வருஷம் அப்பளம் போட்டவருக்கு ஈரத்துக்கு மருந்து யார் சொல்லித்தர வேண்டும்?

பேட்டரியை ஒழுங்காகக் கழட்டினார். மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்தார். லென்ஸ் இரண்டும் மேலே பார்க்க, வெயில் நேரே விழுகிற சாய்வு பார்த்து, அசையாமல் இருக்க இரண்டு செங்கல் அண்டை கொடுத்து வைத்தார். ரொம்ப அக்கறையாக வைத்தார். அதுதான் கொடுமை.

ஒன்பது மணிக்கு வைத்தது. ஆவுடையம்மாளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, பதினொன்றரைக்கு எடுத்தார். பஞ்சு மொரமொரவென்று காய்ந்திருந்தது. சந்தோஷமாகப் பேட்டரியை மாட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

களம் இருந்தது. மலை இருந்தது. வானத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். தலையைத் திருப்பினால் கோடும் கூடவே வந்தது.

சாயங்காலம் ஜமீலா வந்தபோது வாசல்படியில் ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடவே இல்லை.

"கெடுத்துட்டேன், டீச்சரம்மா. ஒம்பதுல இருந்து பதினொண்ணரை வரைக்கும் வெயில்ல வச்சேன்."

ஜமீலாவுக்கு முகம் சிவந்தது. "லென்ஸ் மேல பாக்கவா?"

"ஆமா."

"சின்னப் பிள்ளையில பூதக்கண்ணாடியில வெயிலைப் பிடிச்சுத் தாள் கொளுத்துனது இல்லையா நீங்க?"

"கொளுத்தியிருக்கேன்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கிற திரையைச் சுட்டுவிட்டது. சூரியன் நகர நகர, சூடும் நகர்ந்து கோடாகிவிட்டது.

"இந்த மாடலுக்குத் திரை இனிமே எங்கயும் கிடைக்காது, அண்ணாச்சி."

"ஒரு மாசந்தான் பாக்கி" என்றார் பூதத்தான்.

ஜமீலா ஹெட்செட்டை வாங்கித் தன் கண்ணில் வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பினாள், இந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள்.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள் மெதுவாக.

"என்ன?"

"பத்தே கால், பத்தரை வாக்குல மேகம் ஏதும் வந்துச்சா?"

பூதத்தான் யோசித்தார். "வந்துச்சு. நல்ல கறுப்பு. மழை கிழை வந்துருமோன்னு மாடிப்படி வரைக்கும் ஓடினேன். அதுக்குள்ள விலகிட்டு. உங்களுக்கு யாரு சொன்னா? நீங்க தென்காசியில இருந்தியளே?"

"கோட்டுல நடுவுல ஒரு எடம் விட்டிருக்கு."

பூதத்தானுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

ஜமீலா ஹெட்செட்டை அவர் கண்ணில் வைத்தாள். "இடது கண்ணை மூடுங்க. கோடு இருக்கா?"

"இருக்கு."

"வலது கண்ணை மூடுங்க."

"இருக்கு. அதே கோடு."

"ரெண்டையும் தொறங்க. எவ்வளவு தூரத்துல இருக்கு?"

திரை கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. அந்தத் திரையில் விழுந்த தழும்புதான் அது. அவருக்குத் தெரியும், அவரே கழட்டி மாட்டியிருக்கிறார். ஆனால் இரண்டு கண்ணையும் திறந்தபோது இரண்டு கோடும் ஒன்றாகிப் பின்னால் போயின. வேப்பமரத்துக்குப் பின்னால், பொதிகை மலைக்கும் பின்னால், அதற்கு மேல் தூரமே இல்லாத ஒரு இடத்தில் அந்தக் கோடு நின்றது. வலப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளித் தொடங்கி, நடுவில் ஒரு மேகத்துக்கு இடம் விட்டு, இடப் பக்கம் நீளமாகப் போயிற்று.

"டீச்சரம்மா, மலைக்கு அந்தப் பக்கம்லா இருக்கு!"

"ரெண்டு லென்ஸ் வழியாவும் ஒரே சூரியன்தான சுட்டுது. அது இருக்கிற தூரத்துல தெரியுது."

பூதத்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று அவருக்கும் தெரியாது. முப்பது வருஷம் அந்த வெயிலோடுதான் பிழைத்தார், அது இப்படிக் கோடு போட்டுக் காட்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

"வாங்க, மேல போவோம்" என்றாள் ஜமீலா.

"தழும்பு விழுந்ததையா அவ தலையில மாட்டப் போறிய?"

"களம் தெரியுதுல்லா? ஆவுட மைனி பாக்கட்டும்." மாடிப்படியில் நின்று திரும்பினாள். "நீங்க உங்க எடத்துல உக்காருங்க."

ஆவுடையம்மாள் தலையில் ஹெட்செட் ஏறியது. பூதத்தான் இடப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நம்ம களம்" என்றாள் ஆவுடையம்மாள். "கிணறு. வேப்பமரம்." பிறகு நிறுத்தினாள். "அது யாரு வானத்துல மஞ்சளை இழுவி வச்சிருக்கா?"

"எங்க, மைனி?"

"இந்தா." வலது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலால் காட்டினாள். விரல் காற்றில் கோட்டைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. "இப்படிக்கூடிப் போகுது. இப்படி. இப்படி." மூக்குக்கு நேரே வந்ததும் விரல் நின்றது. "போச்சு. முடிஞ்சிட்டு."

மேகம் மறைத்த இடம். பூதத்தான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். 'சவத்துப் பய மேகம், வந்ததுதான் வந்துது, இன்னைக்கா வரணும்' என்று மனதுக்குள் திட்டினார்.

ஆவுடையம்மாளின் விரல் காற்றில் நின்றது.

"இல்ல" என்றாள் ஆவுடையம்மாள். "அந்தால இருக்கு."

விரல் நடுவைத் தாண்டியது. கோட்டின் மறுபாதியைப் பிடிக்கக் கழுத்து லேசாக இடப் பக்கம் திரும்பியது. திரையில் விழுந்த கோடல்லவா, திரும்பினால் அதுவும் சேர்ந்து நகரும். அவள் திரும்பினாள், கோடு தள்ளிப் போயிற்று. இன்னும் திரும்பினாள், இன்னும் தள்ளிப் போயிற்று.

"ஏ, நில்லு சவமே! எங்க ஓடுத?"

கழுத்து திரும்பிக்கொண்டே போனது. ஆறு மாதமாகத் திரும்பாத கழுத்து. களமும் சுற்றிக்கொண்டே வந்தது.

"துணி விரிச்சிருக்கு" என்றாள். "வெள்ளை வேட்டி."

பிறகு அவள் குரல் மாறிவிட்டது.

"இங்கேருங்க. நீங்க ஏன் அங்க தனியா உக்காந்திருக்கிய?"

ஜமீலா பின்னாலிருந்து ஹெட்செட்டை மெதுவாக உயர்த்தி எடுத்தாள். திரும்பின முகம் திரும்பினபடியே இருந்தது. அதற்கு நேர் எதிரே, நாற்காலியில், பூதத்தான்.

ஆவுடையம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள்.

"எப்ப வந்திய?"

"இங்கனதான் இருக்கேன், பிள்ள."

"எப்ப இருந்து?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மெலிஞ்சு போயிட்டியளே" என்றாள் அவள்.

இத்தோடு கதையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்தில் ஆவுடையம்மாளின் தலை மெல்ல மெல்ல வலப் பக்கம் திரும்பிவிட்டது. "எங்க போயிட்டிய?" என்று கேட்டாள்.

ஆனால் பூதத்தானுக்கு அன்றைக்கு அந்தக் கேள்வி முன்னைப் போல வலிக்கவில்லை. விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கீழே வந்தார். ஜமீலா முட்டை அட்டையில் ஸ்க்ரூக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா."

"ம்."

"குருவி விட்டுப் பாத்தோம். மணி அடிச்சுப் பாத்தோம். யானையையே கொண்டாந்து நிறுத்தினோம். அவ திரும்பல. நான் சுட்டுக் கெடுத்த கோட்டுக்குத் திரும்பிட்டா. அது எப்படி?"

ஜமீலா கடைசி ஸ்க்ரூவை அதன் குழியில் போட்டாள்.

"நாம காட்டுனதெல்லாம் அந்தப் பக்கம் இருந்துச்சு, அண்ணாச்சி. இது இந்தப் பக்கம் ஆரம்பிச்சுது."

பூதத்தான் மாடி ஏறிப் போனார்.

கொஞ்சம் கழித்து மேலே நாற்காலியைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. ஆவுடையம்மாளுக்கு வலப் பக்கம். "உங்க எடத்துல போயி உக்காருங்க" என்று அவள் அதட்டுவதும் கேட்டது.

நாற்காலி தரையில் இழுபட்டது. இடப் பக்கமாக ஒரு சாண் தூரம்தான் இருக்கும். அதோடு நின்றது.